ரேவதியின் கட்டைவிரல்

காலாவதியான மருந்துகளை மாற்றச் சொல்லி இன்று காலை கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஷிஃப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்ததால், லைன் ஓரத்துத் தூணில் மாட்டியிருக்கும் முதலுதவிப் பெட்டியை நானே திறந்தேன். புண்ணுக்குப் போடும் அந்தப் பழுப்பு மருந்து பாட்டில் சாய்ந்து, மருந்தெல்லாம் பஞ்சில் ஊறிக் கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். தரை துடைக்கும் அம்மா, "இன்னா சார், யார தேடினு கீற?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். நீ போய் எட்டு மாதமாகிறது, மச்சான்.

நீ இருந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் "ம்", "சரி" என்பதற்குமேல் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்கு உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நீ தாம்பரத்தில் ஏறுவாய். மணிமங்கலத்தில் நான் ஏறும்போது உன் பக்கத்து சீட்டில் உன் டிபன் பை எனக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். ஒரகடம் போய்ச் சேரும்வரை நீ ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாய். நான் படப்பை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். கம்பெனிக்குள் போனால், கார் சீட்டுக்கான இரும்புச் சட்டங்களைச் செய்யும் லைனுக்கு நான் சூப்பர்வைசர். நீ மெடிக்கல் ரூமில் நர்ஸ். ஆண் நர்ஸை 'பிரதர்' என்று கூப்பிடுவது வழக்கம் என்பதால், கேன்டீன்காரரிலிருந்து ஆலைத் தலைவர் வரைக்கும் எல்லாருக்கும் நீ பிரதர்தான். உன் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் நீ மச்சான்.

உன் வேலைமுறையே தனி. வேறு யாராவது என்றால் புண்ணைத் துடைத்து, மருந்து போட்டு, கட்டி அனுப்பிவிடுவார்கள். நீ முதலில் புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கும் இடத்தின் ஓரமாக, தோலின்மேலேயே பேனாவால் ஒரு கோடு போடுவாய். மறுநாள் அந்த ஆளை வரச்சொல்லி, சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பாய். புண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் தூக்கத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்பாய். "எத்தினி மணிக்குப் படுத்த? வூட்ல எதுனா சண்டையா? சாப்பாடு எறங்குதா?" இதெல்லாம் உனக்கு எதற்கு, ஊர்க்கதை கேட்கிற வேலையா பார்க்கிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். அப்படிக் கேட்காமல் கட்டுப் போட்டால் பாதி வைத்தியம்தான் ஆகும் என்பாய். மேசைமேல் எப்போதும் ஒரு தடிப் புத்தகம். ரத்த அணுக்களைப் பற்றி நீ படித்த அளவுக்கு நான் பத்தாம் வகுப்பில் எதையாவது படித்திருந்தால், நானும் எங்கேயோ போயிருப்பேன்.

என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தொண்டைக்கு மைக் தேவையில்லை என்று ஊரே சொல்லும். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் கத்தாமல் வேலை நடக்காது என்று நானே எனக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். மெஷின் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசினேன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்கிற துணிச்சல் உனக்கு மட்டும்தான் இருந்தது. நீயும் ரொம்ப நாள் பொறுத்துத்தான் சொன்னாய்.

இரண்டு வருடம் முன்னால் நடந்ததுதான். ஒவ்வொரு லைன் வாசலிலும் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும், அதில் தினமும் எண் அட்டையை மாற்றுவோம். நூறு நாள் தொட்டால் லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ், ஆலைத் தலைவரோடு ஒரு போட்டோ. அதுவரை எந்த லைனும் நூறைத் தொட்டதில்லை. என் பலகையில் தொண்ணூறு தாண்டியதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காலைக் கூட்டத்தில் தினமும் ஒரே பாட்டு: "எவனாவது கையக் கிய்ய அறுத்துக்கினு மெடிக்கல் ரூம் வாசல்ல போய் நின்னீங்க, மவனே, அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது!" உன் அறையில் ஒரு சின்னக் கீறலுக்கு மருந்து போட்டாலும் ரெஜிஸ்டரில் ஏறும். ஏறினால் பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அதனால் யாரும் உன்னிடம் வரவில்லை. தகட்டுப் பிசிரில் கை கிழிந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, மேலே கையுறையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்றால் நீ நம்பமாட்டாய். டேப் சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டோரில் கேட்டு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

நீதான் கண்டுபிடித்தாய். கேன்டீனில் எதிர்வரிசையில் ஒரு பெண் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மேசைக்குக் கீழே மடியில் இருந்தது. அவள்தான் ரேவதி, திருவண்ணாமலைப் பக்கம், ஒப்பந்தத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆனவள். தகடுகளை அச்சில் பொருத்தி, கட்டைவிரலால் கிளாம்பை அழுத்திப் பூட்டுவது அவள் வேலை. நீ தட்டைக்கூடக் கழுவாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டேப்பைப் பிரித்துப் பார்த்தாய். ஆறு நாள் பழைய காயம். கட்டைவிரல் வீங்கி, உள்ளே பழுத்திருந்தது. அன்றைக்கு என் பலகையில் தொண்ணூற்றேழு.

செய்தி கேட்டதும் நான் ஓடி வந்தது அந்தப் பெண்ணின் கையைப் பார்க்க இல்லை. ரெஜிஸ்டரை நீ திறந்துவிட்டாயா என்று பார்க்கத்தான். அதை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருக்க, உன்னைக் கதவுக்கு வெளியே இழுத்து, "வூட்ல காய் நறுக்கும்போது கத்தி பட்டுச்சுன்னு எழுதிடு மச்சான். யாருக்கும் நஷ்டமில்ல" என்றேன்.

"வூட்ல பட்டதுன்னு எழுதினா அவளுக்கு வைத்தியமும் கெடைக்காது, லீவும் கெடைக்காது. கான்ட்ராக்டர் நாளைக்கே பஸ் ஏத்தி வுட்ருவான். யாருக்கும் நஷ்டமில்லையா? பேனாவால நான் பொய் எழுத மாட்டேன் மச்சான்" என்றாய். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "டேப்பு போட்டதால மட்டும் இந்த வெரலு இப்படி ஆவல. ஆறு நாளா அவ உன்னப் பாத்து பயந்துகினே கீறா. பயத்துல இருக்கிற ஒடம்புல புண்ணு சீக்கிரம் ஆறாது" என்றாய். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நான் கத்தறது காதுல விழும். வெரலுக்குள்ள எப்பட்றா போவும்?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். நீ அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு, கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் படம் போட ஆரம்பித்தாய். கோபத்தில் இருக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிற ஆள் உன்னைத் தவிர உலகத்தில் இருக்கமாட்டார்கள்.

"நம்ம லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு போவுது இல்ல? ஆளுக்கு எதுனா பிரச்சனைன்னா இழுப்பான், லைட்டு எரியும், நாலு பேரு ஓடி வருவான். தோலுக்குள்ளயும் அப்படித்தான்" என்று தொடங்கினாய். தோலில் எப்போதும் சில காவல் அணுக்கள் இருக்கின்றன. வெட்டுப் பட்டதும் அந்த அணுவுக்குள் கட்டிப்போட்டது போலச் சும்மா கிடக்கும் ஒரு புரதம் விடுபட்டு, அணுவின் நடுவில் இருக்கிற கருவுக்குள் போகும். அங்கே சில மரபணுக்களைத் தட்டி எழுப்பும். உடனே அணு, உதவிக்கு ஆள் கூப்பிடுகிற சின்னச் சின்னப் புரதங்களைச் செய்து வெளியே விடும். அந்த அழைப்பு ரத்தத்துக்குப் போனால்தான் மற்ற வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைத் தின்னும், செத்த சதையை அள்ளும், புதுத் தோல் வளர வழிவிடும்.

"இப்போ உன் கத்தல் எங்க வருதுன்னு பாரு" என்று அட்டையில் சிறுநீரகத்தை வரைந்து, அதன்மேல் ஒரு தொப்பி போட்டாய். பயம் வந்தால் மூளை அந்தத் தொப்பிச் சுரப்பிக்குச் சேதி அனுப்பும். அங்கிருந்து கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். அது கொழுப்பில் கரைகிற சரக்கு, அணுவின் சுவரைக் கேட்காமலே தாண்டும். உள்ளே அதற்காகவே காத்திருக்கிற ஒரு ஏற்பிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கருவுக்குள் போய், ஆள் கூப்பிடச் சொன்ன அந்த முதல் புரதத்தின் வாயை அடைத்துவிடும். கயிறு இருக்கும், இழுக்க ஆளும் இருக்கும், விளக்கு எரியாது.

"ஒரு நாள், ரெண்டு நாள்னா அது நல்லதுக்குத்தான்டா. வீக்கம் எல்ல மீறாம நிறுத்துறதுக்கு ஒடம்பு வெச்சிருக்கிற பிரேக்கு அது. வாரக்கணக்கா அழுத்தினே இருந்தா, கொஞ்ச நாள்ல அந்த ஏற்பியே மரத்துப்போவும். அப்புறம் பிரேக்கும் பிடிக்காது. புண்ணும் ஆறாம, வீக்கமும் வத்தாம நிக்கும்." அட்டையை என் கையில் கொடுத்தாய். "நீ ஒண்ணு மட்டும் செய். மருந்து நான் போட்டுக்கிறேன். நீ போய் அவகிட்ட, இது உன் தப்பு இல்லன்னு சொல்லு."

அட்டையை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தேன். மாலையில் என் லைன் பலகையில் பூஜ்யம் தொங்கியது. மறுநாள் பஸ்ஸில் உன் டிபன் பை இடம் பிடித்து வைத்திருந்த சீட்டைத் தாண்டிப் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய்.

ரேவதிக்கு ஸ்ரீபெரும்புதூரில் விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். கிருமி மூட்டுக்குள் இறங்கிவிட்டால் விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கட்டைவிரல் மடங்காதவளுக்கு எங்கள் லைனில் மட்டுமில்லை, இந்த ரோட்டில் எந்த லைனிலும் வேலை கிடையாது. நீ யார் யாரிடமோ போய் நின்று, விரல் தேறும்வரை மெடிக்கல் ரூமுக்கு எதிரே, முடிந்த சட்டங்களைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தாய். அந்த வழியாகப் போக வேண்டாம் என்று நான் கழிப்பறைக்குக்கூடச் சுற்றிப் போனேன். ஒன்பது நாள். என் வீட்டில் என்னவென்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

ஒன்பதாம் நாள் மாலை பஸ்ஸில் நீயே எழுந்து பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். போனில் ஒரு படம் காட்டினாய். அவள் கட்டைவிரல், சுற்றிலும் உன் பேனாக் கோடு. "மூணு நாளா கோடு போட்ட எடத்துலயே நிக்குது. சுருங்க மாட்டேங்குது" என்றாய். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். படப்பை வரைக்கும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அந்த மேசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் ரேவதி எழுந்து நின்று, கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மச்சான், எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள், எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள், ஒருவன் சட்டையைக்கூடப் பிடித்திருக்கிறான். அந்தக் கை பின்னால் போனது மாதிரி எதுவும் என்னை அடித்ததில்லை. "உக்காரும்மா" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தப்பு உன்னுது இல்ல. நான் கத்திக் கத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாதபடி பண்ணிட்டேன். மன்னிச்சுக்கம்மா. கை எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் மறைத்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். பிறகு, "பரவால்ல சார். உங்க மனசு எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை, முகம் தெளிவாக இருந்தது. இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாளே என்று எனக்கே ஆச்சரியம். நான் பேசிய விதம் அப்படி, கல்லும் கரையும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன்னிடம் வந்து சொன்னேன். நீ மாத்திரை எண்ணிக்கொண்டே, "ஆமாமா, நீ பேசினா கரையாம இன்னா பண்ணும்" என்றாய்.

அடுத்த வாரத்தில் சிவப்பு கோட்டுக்கு உள்ளே இறங்கியது. மாதக் கடைசியில் புதுத்தோல் மூடிவிட்டது. என்னால்தானே என்று கேட்டேன். அதற்கும் நீ பொய் சொல்லவில்லை. "சீழ் எடுத்தாங்க, மாத்திர வேல செஞ்சுது, அவளும் ஒழுங்கா தூங்க ஆரம்பிச்சா. இதுல உன் பங்கு எவ்ளோன்னு அளக்க என்கிட்ட மெஷின் இல்ல. ஆனா பங்கு இல்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றாய். அன்றைக்குச் சாயங்காலம் சீட்டில் உன் டிபன் பை திரும்ப உட்கார்ந்திருந்தது. நான் வழக்கம்போலத் தூங்கிவிட்டேன்.

போன வருடம் உன் தாடையில் ஒரு சவரக் கீறல் இருந்தது. இரண்டு வாரத்துக்குமேல் பொருக்குத் தட்டியபடியே நின்றது. "இன்னா மச்சான், புது பிளேடு வாங்கக் காசு இல்லையா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஊரிலுள்ள புண்ணையெல்லாம் கோடு போட்டுப் பார்த்தவன் நீ. உன் புண்ணைப் பார்த்து, தூங்கினாயா, வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். இதயம் நின்றுவிட்டதாம். அந்தக் கீறலுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதே என்று நீ அதட்டுவாய். போடவில்லை. கேட்காமல் விட்டேனே என்பதைத்தான் சொல்கிறேன். அது எனக்கு ஆறவே இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் லைனிலிருந்து பதினெட்டுப் பேர் வந்தோம். திரும்பும்போது வேனில் ரேவதி என் பக்கத்து சீட்டில் இருந்தாள். இப்போது அவள் வேலை நிரந்தரம். வண்டலூர் தாண்டியதும் அவள் பேசினாள்.

"கை வீங்கினப்போ ஊருக்கே போயிடலாம்னு பையக் கட்டி வெச்சிருந்தேன் சார். பிரதர்தான் விடல. தெனமும் கட்டுப் பிரிக்கும்போது சொல்வாரு, 'உங்க சார் இன்னிக்கும் பஸ்ல என்கிட்ட கேட்டாரும்மா, ரேவதிக்குக் கை எப்படி இருக்குன்னு. நேர்ல வர வெக்கப்படுறாரு, அவ்ளோதான்'னு. நீங்க தெனம் கேக்குறீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் பையப் பிரிச்சேன். இல்லனா நான் இங்க இல்ல சார்."

ஒன்பது நாளில் ஒரு நாள்கூட நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவால் பொய் எழுத மாட்டேன் என்று என்னோடு சண்டை போட்டவன், அதே பெண்ணிடம் தினமும் வாயால் ஒரு பொய் சொல்லியிருக்கிறாய், அதுவும் என்னை நல்லவனாக்கி. என் பேச்சில் கரைந்துதான் அவள் மன்னித்தாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தபோது, மாத்திரை எண்ணுகிற சாக்கில் நீ தலை குனிந்துகொண்டாயே, திருடா.

அவளிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் உன் மானம் போகும் என்று ஒரு சாக்கு. என் மானம் போகும் என்பதுதான் நிஜம். ஆனால் நான் கேட்டதாக நீ சொன்ன கேள்வியை நான் கேட்காமலே விட்டுவிட எனக்கு மனசில்லை. அதனால் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது லைனில் முதலில் அவளிடம்தான் போய் நிற்கிறேன். "கை எப்படி இருக்கும்மா?" என்று கேட்கிறேன். ஆறி இரண்டு வருடம் ஆன விரல். சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் சிரிப்பதில்லை. வேலையை ஒரு நொடி நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, கட்டைவிரலை மடக்கிக் காட்டுகிறாள்.